பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது ரத்தம் எப்படிக் கட்டும்? ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு வரும் குழப்பம்

கேள்வி: என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்கு ஸ்டெம் செல் கொடுத்தது நான்தான். இன்று 52-ஆம் நாள். வெள்ளை அணுக்கள் நன்றாக ஏறிவிட்டன, பிளேட்லெட் மட்டும் 30,000-ஐச் சுற்றியே நிற்கிறது. இடையில் இரண்டு முறை ஏற்றினார்கள். போன வாரம் சென்ட்ரல் லைன், அதாவது மருந்து ஏற்றச் சிரைக்குள் வைத்த குழாய், இருக்கும் பக்கத்துக் கை வீங்கியது. ஸ்கேன் செய்துவிட்டு ரத்தக்கட்டி என்றார்கள். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும் என்று சொன்னவர்களே இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள். அதையும் ஒரு நாள் போட்டு ஒரு நாள் நிறுத்துகிறார்கள். நான் கொடுத்த செல்லில் ஏதாவது குறையா? பிளேட்லெட்டையும் நானே கொடுக்கலாமா?

பதில்:

உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது செல்லில் குறையா என்ற கேள்விதான் என்று நினைக்கிறேன். அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் உங்கள் செல்லைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. மாற்றுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் ஏறி, ஏறிய இடத்தில் நிற்கின்றன என்றால், அநேகமாக உங்கள் செல்கள் தம்பியின் எலும்பு மஜ்ஜையில் குடியேறி வேலையைத் தொடங்கிவிட்டன. இதை உறுதியாகத் தெரிந்துகொள்ள கைமெரிசம் என்ற பரிசோதனை இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு கொடுத்தவருடையது, எவ்வளவு பழையது என்று சதவீதக் கணக்கில் சொல்லும். உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், டாக்டரிடம் அந்த முடிவைக் கேளுங்கள். அதில் ஏறக்குறைய முழுவதும் நீங்கள்தான் என்று வந்திருந்தால், இந்தக் குற்ற உணர்வை அன்றோடு இறக்கி வைத்துவிடலாம்.

நான் ரத்த வங்கியில், மாற்று சிகிச்சை வார்டுக்குப் பிளேட்லெட் அனுப்பும் பிரிவில், 15 வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மருத்துவன். உங்கள் தம்பியின் ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கவில்லை. எனவே பொதுவாக என்ன நடக்கிறது என்றுதான் சொல்ல முடியும். ஆனால் உங்கள் கேள்வியை வேறு வேறு குரலில் நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

சரி, பிளேட்லெட் ஏன் பிந்துகிறது? மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்று ஒரு பெரிய செல் இருக்கிறது. அது தன் உடலை நீள நீள இழைகளாக ரத்தக்குழாய்க்குள் நீட்டும். அந்த இழைகள் துண்டு துண்டாக அறுந்துதான் பிளேட்லெட் ஆகின்றன. ஒரு மெகாகாரியோசைட் ஆயிரக்கணக்கில் கொடுக்கும், ஆனால் அது முற்றி வளர நாள் பிடிக்கும். அதனால் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் முதலில் வரும், பிளேட்லெட் பின்னால் வரும். ஏற்றாமலேயே தொடர்ந்து 7 நாள் 20,000-க்கு மேல் நின்றால் பிளேட்லெட் பிடித்துவிட்டது என்று கணக்கு வைப்பார்கள். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர சிலருக்கு மாதங்கள் ஆகும்.

வீட்டில் எல்லோரும் இதை டெங்குவோடு ஒப்பிடுவார்கள். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20,000-க்கு இறங்கி நாலே நாளில் இரண்டு லட்சம் ஆச்சே" என்பார்கள். மஜ்ஜைதான் பிளேட்லெட் செய்யும் பட்டறை. டெங்குவில் அது பழைய பட்டறைதான், சில நாள் மூடிக் கிடந்துவிட்டுத் திரும்பத் திறக்கிறது. உங்கள் தம்பிக்குப் பட்டறையே புதிது. இரண்டும் ஒன்றல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. காலையில் ரிப்போர்ட் வந்ததும் குடும்பமே ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறது. 28,000 என்றால் வீடு இருண்டுவிடுகிறது, 34,000 என்றால் தெளிகிறது. இந்த 6,000 வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் எந்த அர்த்தமும் கிடையாது. ரத்தம் நிற்பதும் கசிவதும் உறைவதும் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தவை அல்ல.

ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு பூச்சு இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். காயமே படாத நாளிலும் அந்தப் பூச்சில் அங்கங்கே இடைவெளி விட்டுக்கொண்டே இருக்கும், பிளேட்லெட்டுகள் அதை அடைத்துக்கொண்டே இருக்கும். இந்தத் தினசரிப் பராமரிப்புக்கு மட்டும் ஒரு நாளைக்கு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 7,100 பிளேட்லெட் செலவாகிறது என்று 1985-இல் ஹான்சன், ஸ்லிக்டர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பிளேட்லெட்டைக் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கொத்தனார் வந்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அவர்கள் கையில் கரணை இருக்கிறதா, கலவை வந்து சேர்ந்ததா, சுவரே என்ன நிலையில் இருக்கிறது என்பவை வேறு வேறு கேள்விகள். கவுண்ட் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1962-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், ரத்தப் புற்றுநோய் நோயாளிகளின் கவுண்டையும் ரத்தக்கசிவையும் சேர்த்து வைத்துப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் அடிப்படையில்தான் 20,000-க்குக் கீழே போனால் ஆபத்து, உடனே ஏற்று என்ற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது சகஜம். ஆஸ்பிரின் பிளேட்லெட்டை முடக்கும் என்பது 1960-களின் பிற்பகுதியில்தான் தெளிவானது. ஆக, அன்று அவர்கள் எண்ணியவற்றில் பலவும் கரணை பிடுங்கப்பட்ட கொத்தனார்கள். பல வருடம் கழித்து மறுபடி ஆய்வுகள் நடந்த பிறகுதான் இந்த எல்லை 10,000-க்கு இறங்கியது.

2010-இல் 1,272 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கவுண்ட் 5,000-க்கு உட்பட்டிருந்த நாட்களில் கால்வாசி நாட்களில் கவனிக்கத்தக்க ரத்தக்கசிவு இருந்தது. 6,000-க்கும் 80,000-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில், 17 சதவீத நாட்களில்தான் இருந்தது. கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். 28,000-மும் 34,000-மும் அந்த ஒரே பரப்புக்குள்தான் வருகின்றன.

அப்படியானால் அந்த 17 சதவீதத்தைத் தீர்மானிப்பது எது? பல விஷயங்கள். மாற்றுக்கு முன் கொடுத்த கடும் கீமோவும் கதிர்வீச்சும் ரத்தக்குழாயின் உட்பூச்சை அரித்துவிடுகின்றன. வாயும் குடலும் புண்ணாகிவிடுகின்றன. ஏற்றும் பிளேட்லெட் பையை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே சுமார் 5 நாள் வைத்திருப்போம். அந்த நாட்களில் அவற்றின் வேகம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். சிறுநீரகம் சோர்ந்து யூரியா ஏறினால் பிளேட்லெட் ஒட்டாது. ஆன்டிபயாடிக் நீண்ட நாள் போய், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் வைட்டமின் கே குறைந்து, கல்லீரல் தயாரிக்கும் உறைவுப் புரதங்கள், அதாவது கலவை, தட்டுப்படும். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று ஹீமோகுளோபின். சிவப்பணுக்கள் குழாயின் நடுவில் ஓடும்போது பிளேட்லெட்டைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுகின்றன. ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தால் பிளேட்லெட் நடுவிலேயே மிதந்து போய்விடும். மூக்கு ரத்தம் நிற்காத நோயாளிக்குச் சில நேரம் பிளேட்லெட்டோடு சிவப்பணுவும் ஏற்றுவது அதனால்தான்.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. கவுண்ட் 45,000. மூக்கிலிருந்து ரத்தம் இரண்டு மணி நேரமாக நிற்கவில்லை. அதே நாள் பக்கத்து அறையில் 8,000 உள்ளவர் ஒரு சொட்டுக் கசிவு இல்லாமல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், அவர் முதுகு வலிக்கிறது என்றதும், முந்தின இரவு தன் பையிலிருந்து டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். பாசத்தில் கொடுத்ததுதான். தயவுசெய்து ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் வீட்டில் யாரும் தம்பியிடம் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் ஒரு முறை போட்டால் அந்தப் பிளேட்லெட்டின் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, அது செத்த மாதிரிதான்.

இப்போது ரத்தக்கட்டிக்கு வருவோம். பிளேட்லெட் குறைவு, ரத்தக்கட்டி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அந்த அரிபட்ட சுவர். பூச்சு உரிந்து செங்கல் தெரிகிற இடத்தில், இருக்கிற நாலு கொத்தனாரும் ஓடிப்போய்க் குவிவார்கள். அப்போது ஒரு பக்கம் கசிவும் இன்னொரு பக்கம் உறைவும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வரும். தமனியில் உண்டாகும் கட்டியில் பிளேட்லெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் தம்பிக்கு வந்தது சிரையில். சிரையில் ரத்தம் மெதுவாக ஓடும். அங்கே கட்டி பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத வலையும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான். அதற்கு நிறைய பிளேட்லெட் தேவையில்லை. சென்ட்ரல் லைன் வாரக்கணக்கில் சிரைக்குள் கிடக்கும் ஒரு வெளிப்பொருள், சுவரை உரசிக்கொண்டே இருக்கும், ஓட்டத்தையும் தடுக்கும். கூடவே காய்ச்சல், கிருமித்தொற்று, படுக்கை, ஸ்டீராய்டு. கட்டி வராமல் இருந்தால்தான் அதிசயம் என்று சில நோயாளிகளைப் பார்த்து நினைத்திருக்கிறேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாற்று செய்துகொண்ட 1,514 பேரின் விவரத்தை 2008-இல் வெளியிட்டார்கள். முதல் 180 நாளில் 4.6 சதவீதம் பேருக்குச் சிரையில் ரத்தக்கட்டி, அவற்றில் பெரும்பாலானவை லைனை ஒட்டி வந்தவை. மூன்றில் ஒரு பங்கு கட்டிகள் கவுண்ட் 50,000-க்குக் கீழே இருந்தபோது வந்தன. 20,000-க்குக் கீழே இருந்தபோதும் 13 சதவீதம் வந்தன. ஆக, உங்கள் தம்பிக்கு நடந்தது விசித்திரமல்ல. அதே ஆட்களில் 15 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவும் வந்தது. கட்டியைவிடக் கசிவு மூன்று மடங்கு அதிகம். டாக்டர்கள் ஊசியைத் தயங்கித் தயங்கிப் போடுவதற்கு அதுதான் காரணம்.

போட்டு நிறுத்துவது குழப்பத்தால் அல்ல, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹெப்பாரின் வகை ஊசியைக் கவுண்ட் 50,000-க்கு மேல் இருந்தால் முழு அளவிலும், 25,000-க்கும் 50,000-க்கும் இடையில் இருந்தால் பாதி அளவு அல்லது அதற்கும் குறைவாகவும் கொடுப்பார்கள். 25,000-க்குக் கீழே போனால் நிறுத்தி வைப்பார்கள். பெரும்பாலான மையங்கள் பின்பற்றுவது ஏறக்குறைய இதைத்தான். தம்பியின் கவுண்ட் அந்த 25,000 கோட்டுக்குப் பக்கத்திலேயே ஆடுகிறது, எனவே ஊசியும் ஆடுகிறது. கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தாலோ காலில் பெரிதாக இருந்தாலோ, பிளேட்லெட்டை ஏற்றி 50,000-க்குப் பக்கத்தில் நிறுத்தியாவது முழு அளவு கொடுப்பார்கள். கையில் லைனை ஒட்டி வரும் கட்டிக்கு அவ்வளவு துணிய வேண்டியதில்லை. லைன் வேலை செய்கிறது, இன்னும் தேவைப்படுகிறது என்றால் அதை உடனே எடுக்கவும் மாட்டார்கள். மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தம்பி பூஞ்சைக்கு வோரிகோனசோல் அல்லது போசகோனசோல், கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்க சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் எடுத்துக்கொண்டிருப்பார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் பல இவற்றோடு மோதி அளவு தாறுமாறாகிவிடும். ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிலர் ரத்தக்கசிவைத் தடுக்க ட்ரனெக்ஸாமிக் அமிலம் போடச் சொல்லிக் கேட்பார்கள். பிளேட்லெட் குறைந்த ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அதை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது. கசிவு குறையவில்லை, லைன் அடைப்பதுதான் கூடியது. ஏற்கெனவே கட்டி உள்ள உங்கள் தம்பிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது என்று என்னைக் கேட்டால் இதைச் சொல்வேன்: "பிளேட்லெட் குறைவது உற்பத்தி போதாததாலா, செலவு அதிகமாவதாலா?" உற்பத்தி போதாமைக்குக் காரணங்கள் உண்டு. சிஎம்வி என்ற வைரஸ் தலைதூக்கலாம், அதற்குக் கொடுக்கும் வால்கேன்சிக்ளோவிர் மாத்திரையே மஜ்ஜையை அடக்கலாம். கொடுத்தவரின் செல் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டி வந்தாலும் பிளேட்லெட் ஏறாது. இவற்றைச் சரிசெய்தும் ஏறவில்லை என்றால் சில மையங்களில் எல்ட்ரோம்போபாக் என்ற மாத்திரையைத் தருகிறார்கள். அது மெகாகாரியோசைட்டைத் தட்டி எழுப்பும். அதைக் கொடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. பால், தயிர்ச்சாதம், கேழ்வரகுக் கூழ் சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்தோதான் அந்த மாத்திரையைப் போட வேண்டும். உடம்பு தேறட்டும் என்று அதே வேளையில் கேழ்வரகுக் கூழ் கொடுத்து, மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருந்திய வீடுகள் உண்டு.

செலவு அதிகமாவதுதான் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்தும். மாற்றுக்குப் பிறகு டிஎம்ஏ என்று சுருக்கிச் சொல்லும் ஒரு நிலை வரலாம், பெரும்பாலும் முதல் 100 நாளுக்குள். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் முழுக்கக் கெட்டு, ஆயிரக்கணக்கான சிறு கட்டிகள் உண்டாகும். பிளேட்லெட் அங்கேயே செலவழியும். அந்த இடுக்கில் நுழைந்து வரும் சிவப்பணுக்கள் கிழிந்துபோகும். சிறுநீரகம்தான் முதலில் அடி வாங்கும். புதிதாக ரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, செல்கள் உடையும்போது ரத்தத்தில் கூடும் எல்டிஎச் என்ற நொதி உயர்வது, ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உடைந்த சிவப்பணுக்கள் தெரிவது, ஏற்றிய பிளேட்லெட் ஒரே நாளில் காணாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளும் இதைத் தூண்டலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை மாற்றுவார்கள். உடலின் காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்பு அமைப்பு கட்டுமீறி வேலை செய்வதுதான் காரணம் என்று தெரிந்தால் எக்குலிசுமாப் போன்ற விலை உயர்ந்த ஊசி இருக்கிறது. தம்பிக்கு இது இருப்பதாக நான் சொல்லவில்லை. வீட்டில் பிபி கருவி இருந்தால் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள், அந்த நோட்டு டாக்டருக்கு மிகவும் உதவும். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், அது சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கல்லீரலின் நுண்குழாய்கள் அடைபடும் விஓடி என்ற நிலையும் இதே குடும்பம்தான். வயிறு வீங்கி, எடை கூடி, கண் மஞ்சளாகும். அது பெரும்பாலும் முதல் 3 வாரத்தில் வருவது. தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்பதால் விரிவாகப் போகவில்லை.

வீட்டில் எதைப் பார்த்து ஓட வேண்டும் என்றால்: கடுமையான தலைவலி, வாந்தியோடு மயக்கம், பார்வை மங்குவது, கருப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட அன்று தலையில் அடிபட்டால் ஒன்றும் தெரியாவிட்டாலும் போக வேண்டும். காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் புதிதாக வந்தால் அன்றே போன் செய்து சொல்லுங்கள். மென்மையான பிரஷ், மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, பிளேடுக்குப் பதில் எலெக்ட்ரிக் ஷேவர் எல்லாம் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டு வருவார், எனவே முன்பே சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு சக்தி இல்லாத, குடல் இன்னும் ஆறாத ஆளுக்குப் பச்சை இலையை அரைத்துக் கொடுப்பது கிருமியைக் கையில் எடுத்துக் கொடுப்பது போல.

கடைசியாக, நீங்கள் பிளேட்லெட் கொடுக்கலாமா என்பது. மாற்றுக்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறவரின் ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால் நோயாளியின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, பின்னால் செல்லையே தள்ளிவிட வாய்ப்பு உண்டு. இப்போது நிலைமை வேறு. பலரிடமிருந்து பிளேட்லெட் வாங்கிய நோயாளிக்கு, செல்களின் மேல் இருக்கும் எச்எல்ஏ என்ற அடையாளப் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாகி, யாருடையதை ஏற்றினாலும் கவுண்ட் ஏறாமல் போவது உண்டு. ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் கவுண்ட் பார்த்தால் அது பிடிபடும். அப்படிப்பட்ட நேரத்தில் எச்எல்ஏ பொருந்திய உங்கள் பிளேட்லெட் பொன்னுக்குச் சமம். ஒரே ஆளிடமிருந்து மெஷினில் ஒரு முறை எடுக்கும் எஸ்டிபி பிளேட்லெட் பை பொதுவாக 30,000 முதல் 50,000 வரை ஏற்றும். ஆனால் அந்தப் பையைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். பொருத்தம் அதிகமான உறவினரின் வெள்ளை அணுக்கள் உள்ளே போய்ப் பெருகித் தாக்கும் ஆபத்தை அதுதான் தடுக்கிறது. இதை நீங்களே ஒரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஏற்றியதே பிடித்து நிற்கிறது என்றால், உங்களைத் தேவைப்படும் நாளுக்காக வைத்திருப்பது நல்லது. ரத்த வங்கியில் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

முதலில் உங்கள் கவுண்டைப் பார்ப்பார்கள். ஸ்டெம் செல் எடுத்தபோது உங்களுக்கும் பிளேட்லெட் கொஞ்சம் இறங்கியிருக்கும், 52 நாளில் அது ஏறியிருக்கும். ஸ்டெம் செல் எடுத்த அன்று நீங்கள் படுத்திருந்த அதே மாதிரி மெஷின்தான், நேரம் மட்டும் ஒன்று, ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சில நாள் முன்பிருந்தே வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். நடுவில் உதடு மரத்தது போலக் கூசினால் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்து வேகத்தைக் குறைப்பார்கள்.